உள்ளங்கையில் ஒரே கோடு இருந்தால்

பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத குழந்தையின் கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ளங்கையில ஒரே கோடுதான் ஓடுது, எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனால், அன்று ராத்திரி அந்த வீட்டில் ஒருவரும் தூங்க மாட்டார்கள். ஃபோனை எடுத்துத் தேடுவார்கள். இது டவுன் சிண்ட்ரோமின் (21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) அடையாளம் என்று ஒரே வரியில் பயமுறுத்தும் பக்கங்கள் வரும், அதே கோட்டுக்கு ராஜயோகம் சொல்லும் ஜோசியப் பக்கங்களும் வரும். நான் குரோமோசோம் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். அந்த மாதிரி ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு, பச்சை மூடி போட்ட ரத்தக் குழாயைக் கையில் பிடித்தபடி வந்து நிற்கும் அப்பாக்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கோடு இருந்தா கன்ஃபார்மா மேடம்?"

இல்லை, கன்ஃபார்ம் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தவும் எனக்கு மனசு வராது, ஏனென்றால் டாக்டர் கையைப் பார்த்தது மூடநம்பிக்கை அல்ல. குரோமோசோமை ஒருவரும் கண்ணால் எண்ண முடியாத காலத்தில், கைரேகையை வைத்துக்கொண்டே சிலர் அதன் பக்கத்தில் வரை போய்விட்டார்கள். அந்தக் கதை தெரிந்தால்தான் கோடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது பிடிபடும்.

முதலில் உங்கள் விரல் நுனியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். சின்ன வயதில் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணியிருப்போமே, அதேதான். ஒரு பக்கமாக நுழைந்து, வளைந்து, வந்த பக்கமே வெளியேறும் கோடுகள் சங்கு. சுற்றிச் சுற்றி வருவது சக்கரம். ஒரு பக்கம் நுழைந்து நடுவில் லேசாக உயர்ந்து மறுபக்கம் போய்விடுவதை வில் என்று வைத்துக்கொள்வோம், அது கொஞ்சம் அபூர்வம். சங்கிலும் சக்கரத்திலும் மூன்று திசையிலிருந்து வரும் கோடுகள் சந்திக்கிற ஒரு புள்ளி இருக்கும். முச்சந்தி என்றே சொல்கிறேன். சங்குக்கு ஒரு முச்சந்தி, சக்கரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு, சாதாரண வில்லுக்குக் கிடையாது. உள்ளங்கையிலும் முச்சந்திகள் உண்டு. கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களின் அடியிலும் ஒவ்வொன்று, அப்புறம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒன்று.

இவை எப்படி வருகின்றன என்பதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். கருவுக்கு ஆறேழு வாரம் இருக்கும்போது விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் சின்னச் சின்னத் திண்டுகள் எழும்புகின்றன. பத்து வாரம் ஆகும்போது அவை அமுங்கத் தொடங்கும், கிட்டத்தட்ட அதே நேரத்தில் தோலின் அடியில் கோடுகள் உருவாக ஆரம்பிக்கும். திண்டு இன்னும் உயரமாக இருக்கும்போது கோடு விழுந்தால் சக்கரம், ஒரு பக்கம் சரிந்திருந்தால் சங்கு, முக்கால்வாசி அமுங்கிவிட்டிருந்தால் வில். மேட்டு நிலத்தில் உழுதால் சால் மேட்டைச் சுற்றி வளைந்துதானே போகும், அப்படித்தான். எடின்பரோ ஆய்வாளர்கள் 2023-ல் இன்னொன்றையும் காட்டினார்கள்: திண்டின் நடு, நகத்தை ஒட்டிய நுனி, விரல் மடிப்பை ஒட்டிய பகுதி என்று மூன்று இடங்களிலிருந்து கோடுகள் அலையாகப் பரவுகின்றன, அந்த அலைகள் எங்கே எப்போது சந்திக்கின்றன என்பதைப் பொறுத்து வடிவம் அமைகிறது. கணித மேதை ஆலன் டூரிங் 1952-ல் எழுதி வைத்த கணக்கு இதற்குப் பொருந்துகிறது. எப்படியானாலும், பதினேழாவது வாரம் வாக்கில் வடிவம் முடிவாகிவிடும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் மாறாது.

உள்ளங்கையில் ஜோசியர் பார்க்கும் பெரிய மடிப்புக் கோடுகள் வேறு வகை. அவையும் ஏறத்தாழ அதே வாரங்களில், கை வளர்ந்து மடங்கும் விதத்தைப் பொறுத்து விழுபவை. ஆக, கரு மூன்று நான்கு மாதமாக இருந்தபோது கை எவ்வளவு அகலம், திண்டுகள் எவ்வளவு உயரம், எப்போது அமுங்கின என்பதெல்லாம் கையில் பதிவாகி நின்றுவிடுகிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருந்தால் அந்த வளர்ச்சியின் வேகமும் அளவும் மாறத்தான் செய்யும், அந்த மாற்றம் கையிலும் விழத்தான் செய்யும்.

இதை முறையாகப் பிடித்தவர் ஹெரால்ட் கம்மின்ஸ். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் டுலேன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் ஆசிரியர். இந்தத் துறைக்கு டெர்மட்டோகிளிஃபிக்ஸ் என்று 1926-ல் பெயர் வைத்தவரும் அவர்தான். 1930-களில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் கைகளை மையில் பதித்துப் பார்த்து, மற்றவர்களின் கைகளிலிருந்து அவை தெளிவாக வேறுபடுகின்றன என்று எழுதினார். (அந்தக் காலத்தில் இந்தக் குழந்தைகளைக் குறிக்க இருந்த பெயரை நான் எழுதப்போவதில்லை. நம் ஊரில் வயதான சில டாக்டர்கள் வாயில் இன்னும் வருகிறது. நிறுத்த வேண்டும்.) உள்ளங்கையின் ஒற்றைக் கோட்டை அவருக்கும் முன்பே கவனித்துவிட்டார்கள். 1866-ல் இந்த நிலையை விவரித்த ஜான் லாங்டன் டவுனின் மகன் ரெஜினால்டும் டாக்டர்தான், அவர்தான் 1900-களின் தொடக்கத்தில் அந்தக் கோட்டைக் குறித்து வைத்தார்.

அவர்கள் பார்த்தது அந்த ஒரு கோட்டை மட்டும் அல்ல. நம் ஊரில் விட்டுப்போவது இதுதான். கை சற்று அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும், சில சமயம் அதில் இரண்டு மடிப்புக்குப் பதிலாக ஒன்றுதான் இருக்கும். பத்து விரலிலும் சங்காகவே, அதுவும் சுண்டுவிரல் பக்கம் வாய் திறந்த சங்காகவே இருப்பது இவர்களிடம் அதிகம். கட்டைவிரல் பக்கம் திறந்த சங்கு வந்தால், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆள்காட்டி விரலில் வருவது இவர்களுக்கு மோதிர விரலிலோ சுண்டுவிரலிலோ வரும். பாதத்திலும் உண்டு. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே செருப்பு வார் போடுகிற மாதிரி இடைவெளி, பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் மற்றவர்களிடம் மிக மிக அரிதான ஒரு வில் வடிவம்.

எல்லாவற்றையும்விட அழகான அளவு மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் முச்சந்தி. ஆள்காட்டி விரலடி முச்சந்தியிலிருந்து அதற்கு ஒரு கோடு, சுண்டுவிரலடி முச்சந்தியிலிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்து, நடுவில் வரும் கோணத்தை அளக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 45 டிகிரியை ஒட்டி வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்த முச்சந்தி உள்ளங்கையின் நடுப்பக்கமாக மேலே ஏறிவிடுவதால் கோணம் விரிந்து சராசரியாக 80 டிகிரி வரை போகும். இந்த அளவைப் பெரிதாக எடுத்துப் பேசியவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கால்டன் ஆய்வகத்தை நடத்திய லயனல் பென்ரோஸ்.

நான் படிக்கும்போது எங்கள் பேராசிரியர் இதைக் கையில் எடுத்துச் செய்ய வைத்தார். கண்ணாடித் தகட்டில் அச்சக மையை உருளையால் மெல்லிசாக இழுத்துவிட்டு, உள்ளங்கையில் பூசி, தாளின் மேல் மணிக்கட்டிலிருந்து விரல் நோக்கி மெதுவாக அழுத்த வேண்டும். நடு உள்ளங்கை பள்ளமாக இருப்பதால் அங்கே பதியாது, தாளுக்கு அடியில் பஞ்சு வைக்க வேண்டும். மணிக்கட்டு ஓரத்தை விட்டுவிட்டால் முக்கியமான முச்சந்தியே தாளில் இருக்காது. காய்ந்த பிறகு லென்ஸை வைத்துக்கொண்டு முச்சந்தியைத் தேடிப் பென்சிலால் புள்ளி வைத்து, ஸ்கேலால் கோடு போட்டு, பாகைமானியை வைத்தால் கோணம். பிறந்த குழந்தையிடம் மை வேலைக்கு ஆகாது. அது கையை மூடிக்கொள்ளும், கோடுகளும் அவ்வளவு பொடிசு. முஷ்டியைப் பிடித்து இழுக்கக் கூடாது, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கினால் விரல் தானாகத் தளரும். அந்த நேரத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தால் தெரிந்தால் உண்டு.

டொரன்டோவில் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த நார்மா ஃபோர்டு வாக்கர் 1957-ல் இதை ஒரு கணக்காகவே மாற்றினார். ஒவ்வொரு வடிவமும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் எத்தனை பேருக்கு, இல்லாதவர்களிடம் எத்தனை பேருக்கு என்று விகிதம் எடுத்து, ஒரு குழந்தையின் விரல், உள்ளங்கை, பாதம் எல்லாவற்றின் விகிதங்களையும் பெருக்கி ஒரு குறியீட்டெண். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேரை இந்த எண்ணே காட்டிக்கொடுத்தது. மீதிப் பேர் மற்றவர்களோடு கலந்த நடுப்பகுதியில் விழுந்தார்கள். வெறும் மையையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தது சாதாரண விஷயமா? எனக்கு அந்த அம்மாவின் மேல் பெரிய மரியாதை உண்டு.

பாரிஸில் ரேமண்ட் டுர்பினும் அவருடைய இளம் உதவியாளர் ஜெரோம் லெஜ்யூனும் இதே மாதிரி உள்ளங்கைகளைத்தான் 1950-களின் தொடக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை இடத்தில் ஒரே நேரத்தில் மாறுகிறதென்றால் ஒரு ஜீனின் வேலையாக இருக்காது, முழு குரோமோசோம் அளவில்தான் ஏதோ நடக்கிறது என்ற எண்ணத்துக்கு இந்தக் கைகள் வலு சேர்த்தன. மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதே 1956-ல்தான் உறுதியானது. அதன் பிறகு செல்லை வளர்த்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலையை பாஸ்டனில் கற்றுக்கொண்டு வந்திருந்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் டாக்டர். லேபுக்குப் போதிய காசு கிடையாது. செல் வளர்க்கத் தேவையான சீரத்துக்குத் தன் ரத்தத்தையே எடுத்துப் பயன்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 47 குரோமோசோம் என்ற செய்தி 1959 ஜனவரியில் வெளியானபோது லெஜ்யூன் பெயர் முதலில், கோத்தியே பெயர் நடுவில், அதுவும் எழுத்துப்பிழையோடு. லேபில் நின்று கல்ச்சர் போடுகிறவள் என்ற முறையில் இதை நான் எங்கே எழுதினாலும் அவர் பெயரைச் சேர்த்துத்தான் எழுதுவேன்.

குரோமோசோமை நேரில் எண்ண முடிந்ததும் கைரேகை ஓரமாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை, அடுத்த பத்து வருடம் இன்னும் சூடு பிடித்தது. 1960-ல் 18-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோமைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு விரல்களில் வில் வடிவம் குவிந்திருக்கும். பத்தில் ஆறு, ஏழு வில் என்பது மற்றவர்களிடம் மிக அபூர்வம். ஆள்காட்டி விரல் நடுவிரல் மேல் ஏறி இறுக்கி மூடிய முஷ்டியும் அவர்களிடம் அதிகம் பார்க்கிற ஒன்று. 13 கூடுதலாக இருந்தால் மணிக்கட்டு முச்சந்தி இன்னும் மேலே ஏறிவிடும், ஆறாவது விரலும் இருக்கலாம்.

பாலின குரோமோசோம் விஷயம் இன்னும் விசித்திரம். விரல் ரேகையின் நடுவிலிருந்து முச்சந்தி வரை எத்தனை கோடு என்று எண்ணி, பத்து விரலையும் கூட்டினால் ஒரு எண் வரும். வில்லுக்குப் பூஜ்யம். பென்ரோஸின் ஆய்வகத்தில் சாரா ஹோல்ட் என்ற பெண் இதையே பல வருடம் எண்ணினார். ஆண்களுக்குச் சராசரி 145, பெண்களுக்கு 127. பென்ரோஸ் எல்லா எண்களையும் பார்த்துவிட்டு ஒரு சின்னச் சூத்திரம் சொன்னார்: 187-இல் தொடங்கு, ஒவ்வொரு எக்ஸுக்கும் 30 கழி, ஒவ்வொரு ஒய்க்கும் 12 கழி. இரண்டு எக்ஸ் உள்ள பெண்ணுக்குப் போட்டுப் பாருங்கள், 127 வருகிறது. எக்ஸும் ஒய்யும் உள்ள ஆணுக்கு 145. ஒரே எக்ஸ் மட்டும் இருக்கும் டர்னர் சிண்ட்ரோம் பெண்களுக்கு எண்ணிக்கை கூடுகிறது, ஒரு எக்ஸ் அதிகமான கிளைன்ஃபெல்டர் ஆண்களுக்குக் குறைகிறது. இது சராசரிக் கணக்குதான், தனி ஆளுக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் முதல் முறை படித்தபோது நான் என் விரல்களை எண்ண உட்கார்ந்துவிட்டேன்.

சரி, கோட்டுக்கு வருவோம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஒரு கையிலாவது ஒற்றைக் கோடு இருக்கும். மீதிப் பாதிக்கு இருக்காது. இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஒன்றிலிருந்து நான்கு பேர் வரை அது உண்டு. இப்போது கணக்குப் போடுங்கள். 1600 குழந்தைகள் பிறந்தால் அதில் சுமார் இரண்டு பேருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், அந்த இரண்டில் ஒருவருக்குக் கோடு. மீதியுள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு என்று வைத்தாலே முப்பது பேருக்கு மேல் அதே கோடு இருக்கும், அவர்களுக்கு ஒன்றுமே இருக்காது. வெறும் கோட்டை மட்டும் பார்த்துப் பயப்படும் முப்பது குடும்பங்களில் ஏறத்தாழ எல்லாம் வீணாகப் பயப்படுகின்றன. கோட்டைத் தேடிப் பார்த்துவிட்டு "இல்லை, அப்பாடா" என்று விட்ட குழந்தைகளில் ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தும் தெரியாமலே நேரம் போய்விடுகிறது. இரண்டுமே நடக்கிறது.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு மகனோடு லேபுக்கு வந்திருந்தார். மகன் பேசவே இல்லை. பாட்டி மட்டும் தன் இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தா பாரு கண்ணு, எனக்கும் இதே மாதிரி ஒரு கோடுதான். எனக்கு என்ன கொறச்சல்? ஆறு புள்ள பெத்து வளத்துட்டேன்." பார்த்தேன். உண்மைதான், கையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கத்தரித்த மாதிரி ஒரே கோடு. வலது கையில் இரண்டு கோடுகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. "பாட்டி, உங்க கையிலேருந்தே வந்திருக்கலாம், குடும்பத்துல வரும் அது. ஆனா ரத்தத்தைப் பாத்துட்டுச் சொல்லலாம்" என்றேன். பேரனின் ரிப்போர்ட்டில் 47 வந்தது. கோடு பாட்டியிடமிருந்து வந்ததா, 21-ஆம் குரோமோசோமால் வந்ததா என்று இனி யாராலும் பிரிக்க முடியாது, பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் குழந்தைக்கு எக்கோ எடுத்திருந்தார்கள். இதயத்தில் ஓட்டை இருப்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு நடந்ததில் உருப்படியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ரிப்போர்ட்டுக்கு ஏன் இவ்வளவு நாள் என்று கோபப்படுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் சும்மா பிரிவதில்லை. ராஜ்மா பயறிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்த்து அவற்றைத் தூண்டி, 37 டிகிரி சூட்டில் மூன்று நாள் வளர்க்கிறோம். பிரியத் தொடங்கிய செல்லைச் சரியாக நடுவழியில் நிறுத்த கோல்ச்சிசின் வகை மருந்து. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையில் இருப்பது கோல்ச்சிசின்தான். அப்புறம் உப்புக் கரைசலில் செல்லை ஊதவைத்து, ஸ்லைடில் சொட்டவிட்டு, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குறைந்தது இருபது செல்களையாவது ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சில சமயம் செல் வளரவே வளராது, மறுபடி ரத்தம் கேட்க வேண்டி வரும். அந்த ஃபோனைப் பண்ணுவதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமான வேலை.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து ஊர் ஊராக நடக்கிறது. குழந்தையின் பத்து விரலையும் ஸ்கேன் பண்ணி, முச்சந்தியையும் கோட்டு எண்ணிக்கையையும் கணக்கெடுத்து, இவன் இன்ஜினியர் ஆவான், இவளுக்குப் பாட்டு வரும் என்று வண்ண வண்ணமாக ரிப்போர்ட் அடித்துக் கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். பள்ளிக்கூடங்களே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைக்கின்றன. கம்மின்ஸின் சொற்களைத்தான் பேசுகிறார்கள். கருவில் கோடு விழுந்தபோது விரல் நுனித் திண்டு எவ்வளவு உயரமாக இருந்தது என்பதைக் கோடு சொல்லும். கணக்கு வருமா, பாட்டு வருமா என்பது அதில் இல்லை, இருக்க வழியும் இல்லை. தயவுசெய்து காசைக் கொட்டாதீர்கள்.

குழந்தையின் கையில் ஒரே கோடு இருக்கிறது என்று யாராவது சொன்னால், வேறு என்ன பார்த்தீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பு துவண்டு இருக்கிறதா, கண்ணின் சாய்வு, காது, பிடரித் தோல், சுண்டுவிரல், பாதத்து இடைவெளி, இதயச் சத்தம். கோட்டைத் தவிர வேறு எதுவுமே இல்லை என்று நன்றாகப் பார்த்த டாக்டர் சொன்னால் நிம்மதியாக இருங்கள். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் ரத்தம் கொடுங்கள், ரிப்போர்ட் வரும்வரை எக்கோவையும் தைராய்டையும் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கிறது, சீக்கிரம் தெரிந்தால் சரிசெய்ய முடிவதுதான் அதிகம். காசு இல்லையென்றால் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோமும் பட்டியலில் இருக்கிறது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் 47 என்ற எண்ணோடு நின்றுவிடாமல் முழு வரியையும் டாக்டரைப் படித்து விளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 21 தனியாகக் கூடுதலாக இருக்கும். நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு மட்டும் அந்தக் கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு, உதாரணத்துக்கு 14-ஆம் குரோமோசோமோடு, ஒட்டியிருக்கும். அப்போது எண்ணிக்கை 46 என்றுதான் வரும், சிலர் அதைப் பார்த்துவிட்டு நார்மல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒட்டியிருந்தால் அப்பா அம்மா இருவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். சுமப்பது அம்மா என்றால் அடுத்த குழந்தைக்கும் வருவதற்கு நூற்றுக்குப் பத்து, பதினைந்து வாய்ப்பு. அப்பா என்றால் அதைவிடக் குறைவு. குழந்தையின் கை இரண்டு வகையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் அந்தத் தாளை லேமினேட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கர்ப்பம் என்று தெரிந்ததும் முதல் செக்கப்புக்கே எடுத்துக்கொண்டு போங்கள்.